என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால்) 2023: முதல் வாரங்களின் காயங்கள், செய்திகள் (ராட்ஜர்ஸ், டாபின்ஸ், சப்...)

பச்சைஜெட் | செவ்வாய், 12 செப்டம்பர் 2023

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. எங்கள் நியூயார்க் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆரோன் ராட்ஜர்ஸின் இடது காலில் அக்கிலீஸ் நாண் அறுந்திருக்கிறது. சீசன் முடிந்தது. ஜெட்ஸ் சட்டையில் அவர் ஆடியது 4 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) மட்டுமே.

நேற்று செப்டம்பர் 11 என்பதால் அமெரிக்கக் கொடியைக் கையில் ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார். எங்கள் சொந்த மைதானமான மெட்லைஃபில் அப்படி ஓர் ஆரவாரத்தை நான் பார்த்து ரொம்ப காலம் ஆகிறது. 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத அணி இது. ஏப்ரலில் கிரீன் பே பேக்கர்ஸிலிருந்து இவர் வந்தார், ஜூலையில் தன் சம்பளத்தில் சுமார் 3.5 கோடி டாலரைத் தானே விட்டுக்கொடுத்தார், இந்த வருஷமாவது என்று எல்லோரும் நம்பினோம். பில்ஸின் லியனார்ட் ஃபிளாய்ட் பிடித்துச் சாய்த்தார், ராட்ஜர்ஸ் எழுந்தார், ஒரு நொடி நின்றார், மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

ஆட்டத்தை ஜெயித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பில்ஸுக்கு எதிராக 22-16, கூடுதல் நேரத்தில். ஜோர்டன் வைட்ஹெட் ஒரே ஆளாக ஜோஷ் ஆலனின் 3 பாஸ்களைப் பறித்தார். போன அக்டோபரில் ஏ.சி.எல். (முழங்கால் தசைநார்) கிழிந்த பிரீஸ் ஹால், திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ஒரே ஓட்டத்தில் 83 கஜம் ஓடினார். டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதில்) யாருமே எடுக்காத புதுப்பையன் சேவியர் கிப்சன், பன்ட்டை (எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை) பிடித்து 65 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்தார். இன்னொரு நாளாக இருந்தால் இதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம்.

மற்ற அணிகளும் தப்பவில்லை. பால்டிமோரில் ஜே.கே. டாபின்ஸுக்கும் அக்கிலீஸ்தான், அவருக்கும் சீசன் முடிந்தது. முழங்காலை வருத்திக்கொண்ட டிராவிஸ் கெல்சி இல்லாமல் சீஃப்ஸ் வியாழக்கிழமை லயன்ஸிடம் 21-20 என்று தோற்றது. ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிரச்சினையால் கூப்பர் கப் முதல் 4 ஆட்டங்களுக்கு இல்லை. பேக்கர்ஸின் ஆரோன் ஜோன்ஸுக்கும் ஹாம்ஸ்ட்ரிங்.

காயச் செய்திகளை எல்லாம் இந்த இழையிலேயே போடுவோம். செயற்கைத் தரை பற்றியும் பேச வேண்டும், அதற்கு இங்கே பலர் காத்திருப்பது தெரியும்.

---

ஸ்கார்பரோ_சிவா | செவ்வாய், 12 செப்டம்பர்

அண்ணை, நான் பில்ஸ் ரசிகன். டொராண்டோவில் இருக்கிற எங்களுக்கு பஃபலோதான் பக்கத்து வீடு. நேற்று ராட்ஜர்ஸ் உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் வீட்டிலும் ஒருவரும் சந்தோசப்படவில்லை. 39 வயதில், புது அணியில், முதல் ஆட்டத்தில். கொடுமை.

ஃபிளாய்டைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது சுத்தமான டாக்கிள். இடது பக்கம் டுவேன் பிரவுன் காலுக்குக் கீழே விழுந்து தடுக்கப் பார்த்தார், ஃபிளாய்ட் அதைத் தாண்டி வந்து பிடித்தார். தலையில் படவில்லை, முழங்காலில் விழவில்லை.

எங்கள் தோல்விக்குக் காரணம் ஆலன் பந்தை 4 தடவை எதிரணிக்குக் கொடுத்ததுதான், வேறு சாக்குச் சொல்ல மாட்டன். காயம் எங்களுக்கும் இருக்கிறது. வான் மில்லர் போன வருசம் தேங்க்ஸ்கிவிங் நாளில் ஏ.சி.எல். கிழிந்து இன்னும் திரும்பவில்லை. நைஹீம் ஹைன்ஸ் ஜெட் ஸ்கீயில் சும்மா இருந்தபோது இன்னொருவர் வந்து மோதி வருசமே போய்விட்டது. இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஒரு நல்ல செய்தி: ஜனவரி 2 அன்று மைதானத்திலேயே இதயம் நின்றுபோன டமார் ஹாம்லின் 53 பேர் பட்டியலில் இருக்கிறார். நேற்று ஆடவில்லை, பரவாயில்லை. அந்தப் பெயரை அணிப் பட்டியலில் பார்ப்பதே பெரிய காரியம்.

---

பிசியோ_மாலதி | புதன், 13 செப்டம்பர்

இயன்முறை மருத்துவம்தான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு சேர்ப்பது அக்கிலீஸ் நாண். உடம்பில் இதைவிடத் தடித்த நாண் வேறு இல்லை. நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் இதன் மேல் வருகிறது. அறுவது பெரும்பாலும் யாரும் அடித்து அல்ல. முன்பாதம் தரையில் ஊன்றியிருக்க, குதிகால் கீழே அழுத்தப்பட, முழங்கால் நீண்டிருக்கும் நிலையில் திடீரென்று பாரம் ஏறினால் அறுந்துவிடும். யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்த மாதிரி இருந்தது என்றுதான் நோயாளிகள் முதலில் சொல்வார்கள். ராட்ஜர்ஸ் ஃபிளாய்டின் பிடியிலிருந்து நழுவ முயன்று இடது காலை ஊன்றித் தள்ளியதைக் கவனியுங்கள். சரியாக அந்த நிலைதான்.

மே மாதப் பயிற்சியில் அவருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு ஏற்பட்டதே, அதனால்தானா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதையும் இதையும் நேராக முடிச்சுப் போட முடியாது. வயது ஏற ஏற நாணின் மீள்தன்மை குறைகிறது என்பது மட்டும் உறுதி.

திரும்பி வர விளையாட்டு வீரர்களுக்கு வழக்கமாக 9 முதல் 12 மாதம். விரைவாக வந்தவர்களும் உண்டு. டெரல் சக்ஸ் 2012-இல் வசந்த காலத்தில் அறுந்து, அக்டோபரில் ஆடினார். கேம் ஏக்கர்ஸ் 2021 ஜூலையில் அறுந்து, 2022 ஜனவரியில் ஆடினார். ஆனால் ஏக்கர்ஸுக்கு அப்போது வயது 22. ஆடக் கால் வைப்பது ஒன்று, பழைய வேகம் திரும்புவது வேறொன்று. ஏக்கர்ஸின் அந்த முதல் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

---

புல்தரை | புதன், 13 செப்டம்பர்

எல்லோரும் சுற்றி வளைக்க வேண்டாம். மெட்லைஃப் தரை ஆபத்தானது.

2020-இல் 49ers இங்கே வந்து ஒரே ஆட்டத்தில் நிக் போசாவையும் சாலமன் தாமஸையும் ஏ.சி.எல். காயத்துக்குப் பறிகொடுத்தது. போன செப்டம்பரில் ஸ்டெர்லிங் ஷெப்பர்ட், பக்கத்தில் ஒருவருமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அதற்குப் பிறகு தரையை மாற்றினார்கள், ஆனால் ஒரு செயற்கைத் தரையை எடுத்துவிட்டு இன்னொரு செயற்கைத் தரையைப் போட்டார்கள்.

வீரர்கள் சங்கம் 2012 முதல் 2018 வரையான கணக்கை வைத்து 2020-இலேயே சொன்னது: யாரும் மோதாமல் கால்களில் ஏற்படும் காயம் செயற்கைத் தரையில் 28 சதவீதம் அதிகம், முழங்காலுக்கு மட்டும் பார்த்தால் 32 சதவீதம், பாதம்-கணுக்காலுக்கு 69 சதவீதம். காரணமும் எளிது. காலணியின் ஆணிகள் புல்லில் மாட்டிக்கொண்டால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும். செயற்கைத் தரை விடாது. தரை விட்டுக்கொடுக்காததை மூட்டு தாங்க வேண்டியிருக்கிறது.

2026 உலகக்கோப்பைக் கால்பந்து இதே மைதானத்துக்கு வருகிறது. ஃபிஃபா கேட்டதால் அப்போது அசல் புல் போடுவார்கள். விருந்தாளிகளுக்குப் போட முடிந்த புல்லை, வருஷம் முழுக்க இங்கேயே உழைக்கும் ஆட்களுக்குப் போட முடியாதா? இதற்கு உரிமையாளர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

---

பச்சைஜெட் | வியாழன், 14 செப்டம்பர்

புல்தரை, கோரிக்கையில் நான் உங்கள் பக்கம். அசல் புல் வேண்டும். ஆனால் இந்த ஒரு காயத்தை அதற்குச் சாட்சியாக நிறுத்தினால் வாதம் பலவீனமாகிவிடும்.

டாபின்ஸுக்கும் அதே வாரம், அதே நாண். பால்டிமோர் மைதானம் அசல் புல். அவருக்கு வயது 24. வயதையும் சொல்ல முடியாது, தரையையும் சொல்ல முடியாது. சங்கத்தின் கணக்கு ஆயிரக்கணக்கான ஆட்டப் பொழுதுகளைச் சேர்த்துப் பார்த்தது, அதன் பலமே அதில்தான். தனி ஒருவரின் காலை வைத்து "தரைதான்" என்று சொன்னால், எதிர்த்தரப்பு டாபின்ஸைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

புல் என்றாலும் எப்படிப்பட்ட புல் என்று கேட்க வேண்டும். இந்த பிப்ரவரியில் கிளென்டேலில் நடந்த சூப்பர் பவுலை (சீசனின் இறுதி ஆட்டத்தை) பாருங்கள். அசல் புல்தான், இரண்டு அணிகளும் வழுக்கி வழுக்கி விழுந்தன.

மெட்லைஃப் இருக்கும் இடத்தின் வரலாறும் இதில் உண்டு. பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் 2000-இல் தட்டுத் தட்டாக அசல் புல் பதித்தார்கள். இரண்டு அணிகள் ஆடும் மைதானத்தில் அது நிலைக்கவில்லை, 2003-இல் திரும்பவும் செயற்கைத் தரை. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது மிதிக்கும் மைதானத்தில், நியூ ஜெர்சி நவம்பர் குளிரில், புல்லைக் காப்பாற்றப் பணமும் ஆட்களும் தொடர்ந்து வேண்டும். முடியாது என்று நான் சொல்லவில்லை. உரிமையாளர்களிடம் கேட்கும்போது அந்தச் செலவையும் சேர்த்தே கேட்போம்.

இன்னொன்று. 1999 செப்டம்பர் 12, இதே ஜெட்ஸ், சீசனின் முதல் ஆட்டம், சொந்த மைதானம். முந்தின வருஷம் 12-4 (12 வெற்றி, 4 தோல்வி) என்று ஆடி சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் வரை போயிருந்தோம். வினி டெஸ்டவெர்டிக்கு அக்கிலீஸ் அறுந்தது. பன்ட் அடிக்கும் டாம் டுபா குவார்ட்டர்பேக்காக இறங்கி 2 டச் டவுன் பாஸ் போட்டார். பேட்ரியட்ஸிடம் 30-28 என்று தோற்றோம், வருஷம் 8-8 என்று முடிந்தது. அன்றிருந்த ரசிகர்கள் திங்கட்கிழமை என்ன நினைத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

---

கோவை_விடியல் | வியாழன், 14 செப்டம்பர்

வணக்கம். அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை ஆட்டம் எங்களுக்குச் செவ்வாய் காலை 5:45-க்கு வருகிறது. ஒரு சந்தேகம். கெல்சியும் ஆடவில்லை, கப்பும் ஆடவில்லை. ஒருவர் அடுத்த வாரம் வரலாம் என்கிறார்கள், இன்னொருவர் 4 வாரம் வரவே முடியாது என்கிறார்கள். இதை யார் முடிவு செய்கிறார்கள்?

---

சீஸ்ஹெட்_தமிழன் | வியாழன், 14 செப்டம்பர்

நல்ல கேள்வி, தம்பி. கப்பை ஐ.ஆர். என்னும் காயப் பட்டியலில் வைத்துவிட்டார்கள். அதில் போனால் குறைந்தது 4 ஆட்டம் ஆட முடியாது. அதற்குப் பதில் 53 பேரில் ஓர் இடம் காலியாகும், இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம். திரும்பப் பயிற்சிக்கு வந்ததும் 21 நாள் அவகாசம், அதற்குள் அணியில் சேர்த்தாக வேண்டும். ஒரு சீசனில் 8 பேரைத்தான் இப்படித் திருப்பி அழைக்கலாம்.

கெல்சி அந்தப் பட்டியலில் இல்லை. வாரா வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். புதன், வியாழன், வெள்ளியில் யார் முழுப் பயிற்சி செய்தார், யார் பாதி, யார் செய்யவே இல்லை என்று ஒவ்வோர் அணியும் அறிக்கை தர வேண்டும். கடைசியில் சந்தேகம், பெரும்பாலும் இல்லை, நிச்சயம் இல்லை என்று மூன்று வகை. ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்னால் இறுதிப் பட்டியல் வந்துவிடும்.

பேக்கர்ஸ் ரசிகனாக என் பங்குக்கு ஒன்று. ராட்ஜர்ஸை விற்ற ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் இந்த வருஷம் ஜெட்ஸின் ஸ்னாப்களில் 65 சதவீதம் ஆடினால் 2024-இல் எங்களுக்கு முதல் சுற்றுத் தேர்வு கிடைக்கும், இல்லையென்றால் இரண்டாம் சுற்று. 4 ஸ்னாப்போடு அது முடிந்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. 18 வருஷம் எங்களோடு இருந்த மனிதர், அவர் நடந்தால் போதும். ஜோர்டன் லவ் முதல் ஆட்டத்தில் பேர்ஸை 38-20 என்று அடித்துவிட்டார், எங்கள் வண்டி ஓடுகிறது.

---

ஈரி_ஏரிக்கரை | செவ்வாய், 19 செப்டம்பர்

எழுதவே கை வரவில்லை. எங்கள் கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) நிக் சப்.

பிட்ஸ்பர்க்கில் இரண்டாம் குவார்ட்டர். அதுவரை 10 தடவை பந்தை எடுத்து 64 கஜம். கோட்டுக்குப் பக்கத்தில் மிங்கா ஃபிட்ஸ்பாட்ரிக் தாழக் குனிந்து மோதினார், ஊன்றியிருந்த இடது முழங்கால் போகக் கூடாத பக்கம் போனது. அதைத் திரும்பக் காட்டப் போவதில்லை என்று ஒளிபரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். மைதானத்தின் பெரிய திரையில் பார்த்த ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் வாயடைத்துப்போய், பிறகு அவர் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். எங்கள் பரம எதிரிகள். அதற்கு என் நன்றி. ஆட்டம் 26-22 என்று போய்விட்டது, அது கிடக்கட்டும்.

சீசன் முடிந்தது என்று பயிற்சியாளர் ஸ்டெஃபான்ஸ்கி சொல்லிவிட்டார். 2015-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு ஆடும்போது டென்னசியில் இதே இடது முழங்காலில் மூன்று தசைநார்கள் கிழிந்தன. அதிலிருந்து எழுந்து வந்து போன வருஷம் 1,525 கஜம் ஓடியவர். பேட்டிகளில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார், டச் டவுன் போட்டால் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு வருவார். கிளீவ்லண்டில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குத்தான்.

இந்தக் கோடையில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். ஜூலையில் சாக்வான் பார்க்லி, ஜோஷ் ஜேகப்ஸ், டோனி பொலார்ட் மூவருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை, 1 கோடி டாலர் சொச்சத்துக்கு ஒரு வருஷம்தான். ரன்னிங் பேக்குகள் எல்லாம் ஜூமில் கூடிப் பேசினார்கள், சப்பும் இருந்தார். நாங்கள் நன்றாக ஆடினால் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது என்ற பொருளில் அவர் வெளியே சொன்னார். நிறைய ஓடினால் தேய்ந்துவிட்டான் என்பார்கள், ஓடாவிட்டால் என்ன பிரயோஜனம் என்பார்கள். டாபின்ஸும் அப்படித்தான். 2021 முழுவதையும் முழங்காலுக்குப் பறிகொடுத்தார், இது முதல் ஒப்பந்தத்தின் கடைசி வருஷம், புது ஒப்பந்தம் கேட்டார், கிடைக்கவில்லை, முதல் ஞாயிறே அக்கிலீஸ். ஞாயிறன்று பார்க்லிக்கும் கணுக்கால் பிசகிவிட்டது. இவர்களில் யாரும் பேராசைப்பட்டுக் கேட்கவில்லை. உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துதான் கேட்டார்கள்.

---

ஸ்டீல்நகர் | செவ்வாய், 19 செப்டம்பர்

ஈரி அண்ணா, மனசார வருத்தப்படுகிறேன். மைதானம் முழுக்க அமைதியானதை நேரில் பார்த்தேன்.

ஃபிட்ஸ்பாட்ரிக்கை அழுக்கு ஆட்டக்காரர் என்று இணையம் முழுக்கத் திட்டுகிறார்கள், அது நியாயமில்லை. சப்பின் எடை சுமார் 227 பவுண்டு. மேலே பிடித்தால் இழுத்துக்கொண்டே போவார். தலையால் மோதினாலோ தலையில் மோதினாலோ தண்டனை. மிச்சமிருக்கும் இடம் இடுப்புக்குக் கீழேதான். மூளை அதிர்வைக் குறைக்கத் தலையைக் காப்பாற்றினோம், அது சரியான முடிவு. அந்த அடிகள் இப்போது முழங்காலுக்கு இறங்கியிருக்கின்றன. 2008-இல் முதல் ஆட்டத்தில் டாம் பிரேடியின் முழங்கால் போனதும், தாழ அடிக்கக் கூடாது என்று குவார்ட்டர்பேக்குக்குப் பாதுகாப்பைக் கூட்டினார்கள். பந்தோடு ஓடுபவருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

புல்தரை நண்பருக்கும் ஒரு தகவல்: எங்கள் மைதானம் அசல் புல்.

---

புல்தரை | செவ்வாய், 19 செப்டம்பர்

தெரியும். சப்புக்கு நடந்தது மோதல் காயம், அதைத் தரைக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சங்கம் பேசுவது யாரும் மோதாமல் வரும் காயங்களைப் பற்றி.

---

பிசியோ_மாலதி | புதன், 20 செப்டம்பர்

ஈரி, ஒரே முழங்காலில் இரண்டாவது பெரிய காயம் என்பதால் அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டேன். பல தசைநார் கிழிந்த முழங்காலில் முதலில் பார்ப்பது ரத்த ஓட்டத்தையும் நரம்பையும்தான், அப்புறம்தான் தசைநார். எல்லாவற்றையும் ஒரே அறுவை சிகிச்சையில் செய்யாமல், சிலதை ஆற விட்டு இரண்டு கட்டமாகச் செய்வதும் வழக்கம். அதனால் அறுவை சிகிச்சை தேதி உடனே அறிவிக்கப்படவில்லை என்றால் பயப்பட வேண்டாம்.

---

ஈரி_ஏரிக்கரை | புதன், 20 செப்டம்பர்

நன்றி மாலதி மேடம். கரீம் ஹன்ட் திரும்பி வந்துவிட்டார், இன்று கையெழுத்து. ஜெரோம் ஃபோர்டும் அவரும் பகிர்ந்துகொள்வார்கள்.

---

சீஸ்ஹெட்_தமிழன் | வெள்ளி, 22 செப்டம்பர்

டாலஸிலிருந்து: டிரவான் டிக்ஸுக்கு ஏ.சி.எல். நேற்றுப் பயிற்சியில். முதல் இரண்டு ஆட்டத்தில் 40-0, 30-10 என்று நொறுக்கிய தடுப்பு வரிசையின் முக்கியமான கார்னர்பேக். ஜூலையில்தான் 5 வருஷத்துக்கு 9.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஈரி சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். காயம் ஒன்றுதான், ஆனால் இவர் வீட்டில் கவலை வேறு மாதிரி இருக்கும்.

இண்டியானாபொலிஸின் குவார்ட்டர்பேக் ஆந்தனி ரிச்சர்ட்சன் பால்டிமோரில் ஆட மாட்டார். டெக்சன்ஸுக்கு எதிராக 2 டச் டவுன் ஓடினார், இரண்டாவதில் தலை தரையில் மோதியது. மூளை அதிர்வுக்கான 5 கட்டச் சோதனை இன்னும் முடியவில்லை.

---

பிசியோ_மாலதி | சனி, 23 செப்டம்பர்

ரிச்சர்ட்சனை உட்கார வைத்தது எனக்கு இந்த வாரத்தின் நல்ல செய்தி. போன செப்டம்பரில் மயாமியின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா பில்ஸ் ஆட்டத்தில் எழுந்து தள்ளாடினார், அன்றே திரும்ப ஆட விட்டார்கள். 4 நாள் கழித்து சின்சினாட்டியில் தலை மோதி, விரல்கள் விறைத்துக் கிடந்ததை உலகமே பார்த்தது. அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். நிலை தடுமாற்றமோ பேச்சுக் குழறலோ தெரிந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் அன்று மறுபடி ஆட முடியாது. 21 வயதுப் பையன் ஒரு ஞாயிறு வீட்டில் இருக்கட்டும்.

---

பச்சைஜெட் | திங்கள், 25 செப்டம்பர்

மூன்றாம் வாரம்.

சார்ஜர்ஸ் மைக் வில்லியம்ஸுக்கு ஏ.சி.எல்., ஸ்கேனில் உறுதி. மின்னசோட்டாவில் கீனன் ஆலனே எறிந்த பந்தைப் பிடித்து 49 கஜ டச் டவுன் போட்ட அதே ஆட்டம். தரை செயற்கை. புல்தரை, இது உங்கள் பட்டியலுக்கு.

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், ரிச்சர்ட்சன் இல்லாமலே பால்டிமோர் ரேவன்ஸை 22-19 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. கார்ட்னர் மின்ஷூ ஆடினார், மாட் கே 50 கஜத்துக்கு மேல் 4 ஃபீல்ட் கோல் அடித்தார். ஒரே ஆட்டத்தில் இப்படி இதுவரை யாரும் அடித்ததில்லை. டிக்ஸ் இல்லாத டாலஸ் அரிசோனாவிடம் 28-16 என்று தோற்றது. மயாமி 70 அடித்ததைத் தனி இழையில் பேசுகிறார்கள்.

எங்கள் கதை: பேட்ரியட்ஸிடம் 15-10. அவர்களிடம் தொடர்ந்து 15-ஆவது தோல்வி. சாக் வில்சன் 36-க்கு 18 பாஸ், 157 கஜம். நான் இந்தப் பையனைத் திட்டப் போவதில்லை. ராட்ஜர்ஸுக்குப் பின்னால் ஒரு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் அவருக்கான திட்டம். அவரை 4 ஸ்னாப்பில் தள்ளிவிட்டார்கள். அணி நிர்வாகத்திடம்தான் எனக்குக் கோபம். 39 வயது குவார்ட்டர்பேக்கை நம்பி எல்லாவற்றையும் வைக்கும்போது, கோடையிலேயே அனுபவமுள்ள ஒரு மாற்று ஆளை எடுத்திருக்க வேண்டும். பிரேடி இல்லாத 2008-இல் மாட் கேசல் பேட்ரியட்ஸை 11-5 வரை கொண்டுபோனார், ஏனென்றால் அவர் அந்தத் திட்டத்துக்குள்ளேயே வருஷக்கணக்கில் இருந்தவர். முதல் வாரக் காயத்தைத் தடுக்க முடியாது. அதற்கு ஆயத்தமாக இருப்பது அணியின் கையில் இருக்கிறது.

---

ஸ்கார்பரோ_சிவா | செவ்வாய், 26 செப்டம்பர்

குவார்ட்டர்பேக் டிரெவர் சீமியனை ஜெட்ஸ் பயிற்சிக் குழுவில் எடுத்திருக்கிறார்களாமே, பார்த்தீர்களா அண்ணை?

---

பச்சைஜெட் | செவ்வாய், 26 செப்டம்பர்

பார்த்தேன். இரண்டு வாரம் தாமதம். ஞாயிறு இரவு சீஃப்ஸ் இங்கே வருகிறது, வில்சன்தான் ஆரம்பிப்பார் என்று பயிற்சியாளர் சாலே சொல்லிவிட்டார். கெல்சி முதல் ஆட்டத்தோடு சரி, இரண்டாவதிலேயே வந்துவிட்டார். ஞாயிறு ஆட்டத்துக்குத் தனி இழை போடுகிறேன், வெள்ளி மாலை வரும் காய அறிக்கையை இங்கேயே ஒட்டுகிறேன்.